பழைய வண்டி: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



மணிமங்கலம், படப்பை, சோமங்கலம் பக்கத்திலிருந்து கீரை, கத்தரி, வெண்டை எல்லாம் ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் தாம்பரம் மார்க்கெட்டுக்கு ஓடுகிற சின்ன லோடு வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் பலர் சொந்தமாகவே வைத்திருப்பீர்கள். 2005-ல் டாட்டா ஏஸ் வந்ததும் நம் ஜனங்கள் அதற்குக் ‘குட்டியானை’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அப்படி ஒரு வண்டி, பன்னிரண்டு பதினாலு வருஷம் உழைத்த வண்டி, ஒரு நாள் ஷெட்டில் போய் நின்றுவிடுகிறது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, “இன்ஜின் வேலைண்ணே. நாற்பத்தஞ்சாயிரம் பிடிக்கும்” என்கிறார். வீட்டுக்கு வந்தால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். மகன், “வித்துட்டுப் புதுசு எடுத்துடலாம்பா” என்கிறான். பெரியவரோ, “ஏழு லட்சம் கொடுத்துப் புதுசு வாங்குறதுக்கு நாற்பத்தஞ்சாயிரம் எவ்வளவோ மேல்” என்கிறார்.

இரண்டு பேருமே பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறார்கள். முழுக் கணக்கையும் இன்று பார்ப்போம்.

ஷெட்டுக்காரர் சொன்ன தொகையைப் புது வண்டியின் விலையோடு ஒப்பிடுவது சரியில்லை. அப்படிப் பார்த்தால் எந்தக் காலத்திலும் ரிப்பேர்தான் மலிவாகத் தெரியும். வருஷத்துக்கு நாலு முறை நாற்பதாயிரம் கொடுத்தாலும் மலிவுதான். சிலர் வண்டியின் இன்றைய விற்பனை விலையோடு ஒப்பிடுவார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் போடுவது அந்தக் கணக்கு. விபத்தில் அடிபட்ட வண்டியைச் சரிசெய்யும் செலவு, பாலிசியில் எழுதிய மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால், வண்டி முழு நஷ்டம் என்று தீர்த்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் மறுநாள் காலையில் அந்த வண்டியில் கீரை ஏற்றப்போவதில்லை. நீங்கள் ஏற்றப்போகிறீர்கள். ஆகவே அந்த விதியும் நமக்கு அப்படியே பொருந்தாது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வரப்போகிற ஒரு வருஷத்துக்கு இந்தப் பழைய வண்டியை வைத்திருந்தால் மொத்தம் என்ன செலவு? அதே ஒரு வருஷத்துக்குப் புது வண்டியை வைத்திருந்தால் என்ன செலவு?

இதில் போன வருஷச் செலவு வராது. “போன தீபாவளிக்குத்தானே அறுபதாயிரம் போட்டேன், இப்போ எப்படி விக்கிறது?” என்று கேட்கிறவர்கள் அதிகம். முந்நூறு அடி போட்டுத் தண்ணீர் வராத போருக்கு, போட்ட பணத்துக்காக இன்னும் நூறு அடி போடுவது மாதிரிதான் இது. போன பணம் போனதுதான். ஒரே ஒரு விஷயம்: அந்த அறுபதாயிரத்தில் புது டயரும் கிளட்சும் போட்டிருந்தால், வரும் வருஷத்தில் அந்தச் செலவு இருக்காது. அந்த லாபத்தை மட்டும் கணக்கில் சேருங்கள்.

கணக்குக்குப் போகுமுன் வண்டிக்கு வந்திருப்பது என்ன வியாதி என்று தெரிந்தாக வேண்டும். டயர், பேட்டரி, பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், ஸ்பிரிங் பட்டை, இதெல்லாம் தேயத்தான் செய்யும். புது வண்டிக்கும் இரண்டு மூன்று வருஷத்தில் வரும் செலவுதான். இதற்காக வண்டியின் மேல் கோபப்பட வேண்டாம்.

இன்ஜினைப் பற்றிப் புகையே பாதி சொல்லிவிடும். டீசல் வண்டியில் கருப்புப் புகை தள்ளினால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம். பெரும்பாலும் சின்ன வேலை. இதற்குப் போய் இன்ஜினை இறக்கச் சொன்னால் இன்னொரு மெக்கானிக்கையும் கேளுங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் வெள்ளையாகவே வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது. கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லி எத்தனை சிலிண்டர் பலவீனம் என்று கேட்டுக்கொண்டு பிறகு சரி சொல்லுங்கள். அந்தச் சோதனைக்கு ஆகிற செலவு அற்பம்.

இன்ஜினைத் திரும்பச் செய்ய முடியும். கியர் பாக்ஸையும் செய்ய முடியும். துரு பிடித்த சேசிஸைத்தான் திருப்பிப் பிழைக்க வைக்க முடியாது. வண்டிக்கு அடியில் படுத்து, சின்னச் சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டங், டங்’ என்று கேட்க வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் ‘பொத்’ என்று கேட்டாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ, அந்த வண்டிக்கு நாற்பத்தஞ்சாயிரத்தில் இன்ஜின் வேலை செய்வது ஓட்டை வாளிக்குத் தங்கக் கைப்பிடி போடுகிற கதை. கேளம்பாக்கம், கோவளம் பக்கம் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கடற்காற்றின் உப்பு அடியிலிருந்தே அரித்துக்கொண்டு வரும். உவர்ப்பான போர்த் தண்ணீரையே ரேடியேட்டரில் ஊற்றிப் பழகியவர்களுக்கு உள்ளே உப்பு படிந்து, இன்ஜின் சூடேறி, ஹெட் வளைந்துவிடும். கடையில் விற்கும் கூலன்டை ஊற்றுங்கள். அதற்கு ஆகிற சில நூறு ரூபாய் இந்தப் பேச்சையே மூன்று நாலு வருஷம் தள்ளிப்போடும்.

சேசிஸ் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு இப்போது கணக்குக்கு வருவோம். இங்கே நான் சொல்லும் தொகைகள் உதாரணத்துக்குத்தான். உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்ஜின் வேலைக்கு 45,000 ரூபாய். அது மூன்று வருஷம் தாங்கும் என்றால் வருஷத்துக்கு 15,000. மற்ற சில்லறை ரிப்பேர், டயர் எல்லாம் சேர்த்து 30,000. இன்று 1,20,000-க்குப் போகிற வண்டி அடுத்த வருஷம் 1,00,000-க்குத்தான் போகும். அந்த 20,000-மும் செலவுதான், கையை விட்டுக் கொடுக்காததால் நமக்குத் தெரிவதில்லை. அடுத்தது டீசல். நாளைக்கு 60 கிலோமீட்டர், வருஷத்துக்கு 300 நாள், ஆக 18,000 கிலோமீட்டர். பழைய வண்டி லிட்டருக்கு 15 கொடுக்கிறது, புதுசு 20 கொடுக்கும் என்றால், 300 லிட்டர் அதிகமாகக் குடிக்கிறது. லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால் 27,000. கடைசியாக, வண்டி நின்றுபோகிற நாட்கள். வருஷத்தில் பத்து நாள் படுத்துக்கொள்கிறது, அன்றைக்கு வாடகை வண்டி 1,500 ரூபாய் என்றால் 15,000. எல்லாம் கூட்டினால் 1,07,000 ரூபாய்.

புது வண்டிக்கு வாருங்கள். ஏழு லட்சம் விலை. ஆரம்ப வருஷங்களில் மதிப்பு வேகமாக விழும், 80,000 என்று வையுங்கள். ஐந்து லட்சம் கடன், பத்து சதவீத வட்டி என்றால் முதல் வருஷம் சுமார் 50,000. கையிலிருந்து போட்ட இரண்டு லட்சம் பாங்கில் கிடந்தால் 14,000 வட்டி வந்திருக்கும், அது போச்சு. புது வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் போடுவதால் அதிகமாகிற தொகை 20,000. சர்வீஸ் 10,000. மொத்தம் 1,74,000.

இந்த வீட்டில் பெரியவர் சொன்னதுதான் சரி. பழைய வண்டியால் வருஷத்துக்கு 67,000 ரூபாய் மிச்சம்.

அதே வண்டி பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று வையுங்கள். அவர் கோயம்பேட்டுக்கும் லோடு அடிக்கிறார். நாளைக்கு 120 கிலோமீட்டர். டீசல் 54,000 அதிகமாகிறது. உழைப்பு அதிகம், சில்லறை ரிப்பேர் 50,000. வண்டி 25 நாள் நிற்கிறது. நிற்பதும் நடு ரோட்டில், விடியற்காலை மூணு மணிக்கு, பெருங்களத்தூர் தாண்டி. அந்த நேரத்தில் வாடகை வண்டி சிக்காது, சிக்கினாலும் கேட்ட காசு கொடுக்க வேண்டும், கீரை வாடிப்போகும். நாளைக்கு 3,000 நஷ்டம் என்றால் 75,000. இதோடு இன்ஜின் 15,000, மதிப்புக் குறைவு 20,000. கூட்டினால் 2,14,000. அவருக்குப் புது வண்டி, இரட்டிப்பு சர்வீஸ் செலவையும் சேர்த்து, 1,84,000-தான் ஆகும். இந்த வீட்டில் மகன் சொன்னது சரி.

வண்டி ஒன்றுதான். வயசும் ஒன்றுதான், மெக்கானிக் கேட்ட தொகையும் ஒன்றுதான். எவ்வளவு ஓடுகிறது, நின்றால் எவ்வளவு நஷ்டம் என்பதில்தான் முடிவு மாறுகிறது. ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டை வண்டியிலேயே போட்டு வையுங்கள். டீசல் போட்ட தேதி, லிட்டர், மீட்டர் எண், ரிப்பேர் தொகை, வண்டி நின்ற நாள், இதை எழுதினால் போதும். ஆறு மாசம் எழுதினால் யாரையும் கேட்கவே வேண்டாம். எழுதாதவர்களுக்குப் பத்து நாள் நின்றது மூன்று நாளாகத்தான் ஞாபகம் இருக்கும்.

உதிரி சாமான் விஷயத்தையும் சொல்ல வேண்டும். நம் வண்டலூரிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. 1961-ல் ஹெரால்டு கார் விட்டார்கள், ‘ஸ்டாண்டர்டு 20’ என்ற வேனும் செய்தார்கள். 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று பெரிய கார் வந்தது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். உள்ளே பழைய காலத்து இன்ஜின், பெட்ரோலை அள்ளிக் குடித்தது. 1988-ல் தொழிற்சாலை நின்றுபோயிற்று. கம்பெனி மூடிவிட்டால் வண்டி நன்றாக இருந்தாலும், ஒரு கண்ணாடிக்கும் ஒரு கியர் சக்கரத்துக்கும் புதுப்பேட்டையில் கடை கடையாக அலைய வேண்டியதுதான். மறைமலைநகரில் ஃபோர்டு கம்பெனியும் 2021 செப்டம்பரில், இனி இந்தியாவில் கார் செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. 2022 ஜூலையில் இங்கே கடைசிக் கார் வெளிவந்தது. சர்வீசும் உதிரி பாகமும் தொடரும் என்று அப்போது சொன்னார்கள். ஆனாலும் செய்தி வந்ததுமே கார் வைத்திருந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது.

இதற்கு நேர்மாறு மாஸ்ஸி பெர்குசன் 1035 டிராக்டர். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் சரக்கு. ஊருக்கு ஊர் அது இருப்பதால், பெட்டிக்கடை மாதிரி சாமான் கிடைக்கும், வேலை தெரிந்த ஆளும் கிடைப்பார். கம்பெனி இருக்கிறதா என்பதைவிட, அந்த மாடல் உங்கள் ரோட்டில் எத்தனை ஓடுகிறது என்பதுதான் நல்ல அடையாளம். மெக்கானிக் சாமானுக்காக உங்களை ஜி.பி. ரோட்டுக்கும் புதுப்பேட்டைக்கும் மாறி மாறி அனுப்ப ஆரம்பித்துவிட்டால், விற்கிற காலம் நெருங்கிவிட்டது.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். 2015 டிசம்பரில் அடையாறு புரண்டு முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் முழுகியதை மறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் புறநகரில் வண்டிகள் தண்ணீரில் நின்றன. முழுகிய வண்டியைத் தண்ணீர் வடிந்ததும் சாவி போட்டுக் கிளப்பவே கூடாது. காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டுக் கட்டி இழுத்துப் போங்கள். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. இன்ஜினைச் சுத்தம் செய்து ஓட்டிவிடலாம். ஒயரிங்தான் ஆறு மாசம் கழித்து ஒவ்வொன்றாகப் பழிவாங்கும். பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும் போட்டிருந்தால் வெள்ள நஷ்டத்துக்குப் பைசா வராது. முழு இன்ஷூரன்ஸ் இருந்தாலும், தண்ணீரில் நின்றதைக் கிளப்பிக் கெடுத்த இன்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழியப் பெரும்பாலும் தர மறுப்பார்கள்.

புது வண்டி வேண்டாம், இரண்டாம் கை வண்டி போதும் என்று போகிறவர்களும் இதைக் கவனியுங்கள். சீட்டைத் தூக்கி அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்தால் சேற்றுக் கோடு தெரியும். எல்லா ஸ்குரூவும் துருப்பிடித்திருக்க மிதியடி மட்டும் புத்தம் புதுசாக இருந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

“பதினஞ்சு வருஷம் ஆனா கவர்மெண்டே வண்டியைப் பிடுங்கிக்குமாமே?” என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் தனியார் வண்டிகளுக்கு அப்படி இல்லை. 2023 ஏப்ரல் முதல் பதினைந்து வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளுக்குத்தான் பதிவு நின்றது. சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருஷம் பதிவு. பிறகு சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். விவசாய டிராக்டரும் இந்தக் கணக்கில்தான் வரும். வாடகை லோடு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி., அதற்குப் பிறகு வருஷா வருஷம். கட்டணம் மட்டும் ஏறியிருக்கிறது. கார் மறுபதிவுக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. அதன் பிறகும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்றைய தொகையைக் கேட்டுக்கொண்டு, எஃப்.சி.க்காகச் செய்ய வேண்டிய டிங்கரிங், பெயிண்ட் செலவையும் சேர்த்துக் கணக்கில் எழுதுங்கள். விற்பதாக முடிவு செய்தால் எஃப்.சி. முடிவதற்குள் விற்பதே லாபம்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. நம் பக்கத்தில் ஐந்து ஏக்கர் இருந்த இடத்தில் இரண்டு ஏக்கர் இருக்கிறது, மீதியில் மனைக்கல் நட்டுவிட்டார்கள். ஏழு வருஷக் கடனில் புது டிராக்டர் எடுக்கும்முன், ஏழு வருஷம் கழித்து உழ நிலம் இருக்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். வருஷத்துக்குச் சில நாள் உழவுக்கு, வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தருகிற டிராக்டரே போதுமானதாக இருக்கலாம். உழவன் செயலியில் பதிவு செய்யலாம், பையன்களிடம் கொடுத்தால் செய்துவிடுவார்கள். கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால், தவணை மாசா மாசமா, அறுவடைக்கு அறுவடையா என்று கேட்டு வாங்குங்கள். டிராக்டர் கடனுக்கு ஆறு மாசத் தவணை உண்டு. லோடு வண்டிக் கடன்காரர் மார்கழியிலும் வருவார், ஆடியிலும் வருவார்.

புது வண்டியில் ரிப்பேரே இருக்காது என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் விற்கிற வண்டிகள் எல்லாம் பி.எஸ்.6. சென்சாரும் கம்ப்யூட்டரும் நிறைய. மூலை ஷெட்டில் சுத்தியலோடு உட்கார்ந்திருக்கும் நம் அண்ணனால் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. கம்பெனி சர்வீஸ் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் வாங்கும்முன் பாருங்கள்.

பழைய வண்டியை உடைக்கக் கொடுப்பதாக இருந்தால், காயலாங்கடைக்குச் சும்மா தள்ளிவிடாதீர்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கும்போது சாலை வரியில் மாநிலங்கள் சலுகை தரலாம். சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை என்று விதி சொல்கிறது. இங்கே எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள்.

ஓடுகிற வண்டியாகவே ஒருவருக்கு விற்றால், ஆர்.சி. புத்தகத்தில் பேர் மாறும்வரை விஷயம் முடியவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டி நாளைக்கு எங்கேயாவது மோதினால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வாங்குகிறவரோடு நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய், பேர் மாறிய ஆர்.சி.யின் நகல் ஒன்றை வாங்கி, அந்த நாற்பது பக்க நோட்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.